கடைசியாக வந்ததற்காக நானே விலகிப் போக வேண்டுமா?

பிரிட்ஜ், வோஷிங் மெசின், ரீவி, தளபாடம் என்று வீட்டுச் சாமான்களைத் தவணைக்கு விற்கும் நிறுவனம் ஒன்றின் வன்னிக் கிளையில் விற்பனை உத்தியோகத்தராக இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமும் எட்டு மாதமும் ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா. கொமிஷன் மாதம் சராசரியாக 22,000 ரூபா. அவரை இனங்காணக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை வட்டாரத்தில் உள்ள 14 விற்பனையாளருக்கும் ஒரு போட்டி வைத்தார்கள். முதலாவதாக வருபவருக்கு ஆறரை இலட்சம் ரூபா பெறுமதியான மோட்டார் சைக்கிள். இரண்டாவதாக வருபவருக்கு 12,000 ரூபா பெறுமதியான ரைஸ் குக்கர். அதற்குக் கீழே யாருக்கும் எதுவும் இல்லை. கடைசி இருவருடைய சம்பளத்தில் 'குறைநிரப்பு' என்று 5,000 ரூபா வெட்டுவார்கள். வட்ஸ்அப் குழுவில் அவர்களுடைய படத்தைச் சிவப்புக் கட்டம் போட்டுப் போடுவார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர்கள் எழுந்து நின்று தாங்கள் ஏன் தோற்றோம் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

மார்ச் கடைசியில் மேற்பார்வையாளர் இவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "ஆரேன் சொந்தக்காரற்ற பேரில ரெண்டு சாமான் போடுங்கோவன், பிறகு பாப்பம்." வாசகி தன் சங்கிலியை அடகு வைத்து 40,000 ரூபா முற்பணம் கட்டி, மாமியின் பெயரில் ஒரு பிரிட்ஜும் ஒரு வோஷிங் மெசினும் எடுத்தார். மாமிதான் கையெழுத்திட்டார், மாமியின் மகன் பிணை நின்றார். அப்படியும் இவர் பதின்மூன்றாவது. பெட்டி பிரிக்காத சாமான்கள் மாமியின் விறாந்தையில் கிடக்கின்றன. மாதத் தவணை 14,500 ரூபா. இரண்டு தவணை தவறிவிட்டது. இப்போது இரண்டாவது போட்டி நடக்கிறது. அதிலும் பின்னால் நிற்பதால், "தனிப்பட்ட காரணங்களால் விலகுகிறேன்" என்று தட்டச்சிட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்து, கையெழுத்திடும்படி முகாமையாளர் சொல்லியிருக்கிறார். ஒரு கிழமை அவகாசம் கேட்டுக்கொண்டு வந்து வாசகி எனக்கு எழுதியிருக்கிறார்.

"எனக்கு விற்கத் தெரியாது என்பது உண்மைதான். இலக்குத் தாளில் நானே கையெழுத்து வைத்தேன். மரியாதையாக விலகினால் மாமியின் விஷயம் வெளியில் வராது என்று நினைக்கிறேன். செய்வது சரியா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். முகாமையாளர் நாளைக்கே திரும்பக் கேட்டாலும், "வாசித்துப் பார்த்து எழுத்தில் பதில் தருகிறேன்" என்ற ஒரு வசனம் போதும். அன்று அவர் என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார்கள், எத்தனை மணி என்று வீட்டுக்கு வந்ததும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆறுதலாக மற்றவற்றைப் பார்ப்போம்.

அந்த ஒரு கையெழுத்தின் விலை

உங்கள் நிறுவனத்தில் 15 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அப்படிப்பட்ட நிறுவனத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறெந்தக் காரணத்துக்காகவும் நிறுத்துவதென்றால் இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி. இது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். விற்பனைப் போட்டியில் பின்தங்குவது ஒழுக்கக்கேடு ஆகாது. ஆகவே ஆணையாளரிடம் போய்க் காரணம் காட்டி அனுமதி கேட்க வேண்டிய பாரம் நிறுவனத்தினுடையது. அந்தப் பாரத்தை இறக்கி வைப்பதற்குத்தான் உங்கள் கையெழுத்து தேவைப்படுகிறது. தட்டச்சிட்ட கடிதத்தோடு வருகிறார்கள் என்றால், அந்தச் சட்டம் அவர்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணமாகவும் பாருங்கள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து வருடச் சேவை நிறைந்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். தானாக விலகினாலும் கிடைக்கும். உங்கள் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே 15,000 ரூபாப்படி ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபா. இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. இன்று விலகினால் இதில் ஒரு சதமும் கேட்க முடியாது.

கையெழுத்து வைத்துவிட்டு, "என்னைக் கட்டாயப்படுத்தினார்கள்" என்று பிறகு சொல்ல முடியாதா? முடியும். நிர்ப்பந்தத்தால் விலகியதை வேலைநீக்கமாகவே கொள்ளும்படி ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 'தனிப்பட்ட காரணங்கள்' என்ற இரண்டு சொல்லுக்குக் கீழே உங்கள் பெயர் இருக்கும்போது, கட்டாயப்படுத்தியதை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். சாட்சியாக வரவேண்டியவர்கள் அதே முகாமையாளரின் கீழ் வேலை செய்பவர்கள். இருக்கும் பாதுகாப்பைக் கையை விட்டுவிட்டுப் பிறகு வழக்குப் பேசித் திருப்பி வாங்குவது நீண்ட பாடு.

இலக்குத் தாளில் கையெழுத்து வைத்ததை நினைத்து நீங்கள் மருகத் தேவையில்லை. "இவ்வளவு விற்க முயல்வேன்" என்பதற்கு அது சான்றாகலாம். சட்டம் தந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக அது ஆகாது.

வெட்டிய ஐயாயிரம்

இந்நாட்டில் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. 2025 இல் செய்த திருத்தத்தின்படி அது 2025 ஏப்ரல் 1 இலிருந்து மாதம் 27,000 ரூபாவும், 2026 ஜனவரி 1 இலிருந்து 30,000 ரூபாவும் ஆகியது. உங்கள் அடிப்படைச் சம்பளம் அந்த எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது. அதில் 5,000 ரூபா வெட்டினால் மிச்சம் 25,000. இலக்கை எட்டாததற்குத் தண்டமாகச் சம்பளத்தில் கைவைக்க முதலாளிக்கு உரிமை இல்லை. சட்டம் அனுமதித்த கழிவுகள் எவை என்பதற்கு வரையறை உண்டு, 'குறைநிரப்பு' அதற்குள் வராது. அந்த மாதச் சம்பளச் சீட்டில் அந்தச் சொல் அச்சாகி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

சம்பளச் சீட்டை எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். "கொமிஷனுக்கு ஈ.பி.எப். இல்லை" என்று கணக்காளர் சொன்னதை நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். அது பிழை. ஊழியர் சேமலாப நிதிக்குக் கொமிஷனும் உழைப்பூதியம்தான். மேலதிக நேரக் கொடுப்பனவுதான் சேராது. 22,000 ரூபா கொமிஷன் வாங்கிய மாதத்தில் முதலாளியின் 12 வீதம் 2,640 ரூபா, உங்கள் 8 வீதம் 1,760 ரூபா, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளியின் 3 வீதம் 660 ரூபா என்று மொத்தம் 5,060 ரூபா உங்கள் பெயரில் போயிருக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு மேல் இது விடுபட்டிருந்தால் அந்தத் தொகை போட்டியின் இரண்டாம் பரிசை விடப் பல மடங்கு பெரியது. சேமலாப நிதிக் கணக்குக் கூற்றைப் பெற்று, சம்பளச் சீட்டுகளோடு மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாமியின் விறாந்தையில் இருப்பது

இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த இடம். விலகினால் இது மறைந்துவிடும் என்ற எண்ணம்தான் இருப்பவற்றுள் மிக ஆபத்தானது. விலகிய மறுநாளும் மாமி கடன்காரிதான். அவருடைய மகன் பிணையாளர்தான். தவணை அறவிட வருபவர் வீட்டுப் படலையில் வந்து நிற்பார். அப்போது உள்ளே நின்று பேச உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது.

குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாமி உண்மையான ஆள். தன் அடையாள அட்டையைக் கொடுத்துத் தானே கையெழுத்திட்டார். முற்பணம் உண்மைப் பணம். கள்ளக் கையெழுத்தோ இல்லாத ஆளோ இல்லை. ஆனால் சாமான் தேவையில்லாத ஒருவரின் பெயரில் விற்பனை காட்டியது நிறுவனத்தின் பார்வையில் நம்பிக்கை மீறல். போட்டியில் பின்தங்கியதற்கு உங்களை நிறுத்த முடியாதவர்கள், இதை ஒழுக்காற்றுக் காரணமாகப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. மோசடிக்காக வேலைநீக்கம் செய்தால், நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை மறுக்கவும் சட்டம் இடம் தருகிறது. அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

செய்யக்கூடாதவை முதலில். அந்தச் சாமான்களை வெளியில் யாருக்கும் விற்காதீர்கள். வாடகைக் கொள்வனவு ஒப்பந்தத்தில் கடைசித் தவணை கட்டும் வரை சாமான் நிறுவனத்தின் சொத்து. அதை விற்றால் இன்று வேலைத்தலத் தவறாக இருப்பது நாளை பொலிஸ் முறைப்பாடாக மாறும். குரல் பதிவை அழிக்காதீர்கள். "நான் மோசடி செய்துவிட்டேன்" என்று எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்காதீர்கள். நடந்ததைச் சொல்லலாம்; அதற்குப் பெயர் வைப்பது உங்கள் வேலையில்லை.

செய்ய வேண்டியது இது. எப்படியாவது ஒரு தவணையையாவது மாமியின் பெயரில் கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். மூன்றாவது தவறினால் பேச்சு வேறு மேசைக்குப் போய்விடும். பெட்டி பிரிக்காத சாமான் என்பது உங்களுக்கு இருக்கும் ஒரே நல்ல காலம். உங்கள் பகுதியில் உண்மையாகவே பிரிட்ஜ் வாங்க வரும் ஒருவருக்கு அதே ஒப்பந்தத்தைப் பெயர் மாற்றிக் கொடுக்க நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி கேட்கலாம். இல்லாவிட்டால் சாமானைத் திருப்பி எடுத்து ஒப்பந்தத்தை முடிக்கும்படி கேட்கலாம். முற்பணத்தில் ஒரு பகுதி போகும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கோரிக்கையை மாமியின் பெயரில், மாமியின் கையெழுத்தோடு, பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நிறுவனம் உங்களிடம் விளக்கம் கோரிக் கடிதம் தந்தால், அதில் குறித்த நாளுக்குள் பதில் போக வேண்டும். அந்தப் பதிலை எழுதுமுன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கோ ஒரு சட்டத்தரணியிடமோ குரல் பதிவோடு போங்கள். உள்ளக விசாரணையில் பொய் சொல்ல வேண்டாம். மேற்பார்வையாளர் அப்படிச் செய்யச் சொன்னார் என்பது உங்களை முழுதாகக் காப்பாற்றாது. ஆனால் நிறுவனமே தூண்டிய ஒரு செயலுக்கு ஒருவரை மட்டும் தண்டிப்பது நியாயமா என்ற கேள்வி எழும்போது, அந்தச் சில விநாடிக் குரல் பெரிய காரியம் செய்யும்.

உங்களுக்கு விற்கத் தெரியாதா?

இந்த வசனத்தை நீங்கள் எழுதியிருக்கத் தேவையில்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது.

போட்டி நடந்தது ஜனவரி முதல் மார்ச் வரை. காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வருவது அந்தக் காலத்தில்தான். மோட்டார் சைக்கிள் வென்றவரின் பகுதி இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல் கிராமங்களும், மாதச் சம்பளம் எடுக்கும் அரச ஊழியர் நிறைந்த நகரமும். உங்கள் பகுதி கரையோரம். மாரிக் கடல் கொந்தளிக்கும்போது வள்ளம் இறங்காது. தைப் பிறப்போடு கடல் உடனே அடங்கிவிடுவதும் இல்லை. மிச்சப் பேர் நாட்கூலி. ஒரே இலக்கு, ஒரே மூன்று மாதம், ஆனால் ஒருவருக்கு அறுவடைக் காலம், மற்றவருக்கு அடுப்பெரியாத காலம். இது திறமையை அளக்கும் போட்டியாக இருக்கவில்லை. யாருக்கு எந்தப் பகுதி என்று கோடு கீறிய அன்றே பாதி முடிவு எழுதப்பட்டுவிட்டது.

பரிசின் அமைப்பையும் பாருங்கள். முதல் மாதம் முடிந்ததும் முன்னால் நிற்கும் இருவரோ மூவரோ மட்டுமே மோட்டார் சைக்கிளுக்கு ஓடுவார்கள். ஐந்தாவதாக நிற்பவர் இன்னும் நாலு ரீவி விற்றாலும் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அவர் வழமை போல் நடப்பார். கடைசியில் நிற்பவருக்கோ எப்படியாவது சிவப்புக் கட்டத்திலிருந்து வெளியே வரவேண்டும் என்ற ஒரே பதைப்பு. ஆகவே 14 பேருக்கு வைத்த போட்டி உண்மையில் மேலே மூவரையும் கீழே மூவரையும்தான் அசைக்கிறது. மேலே நிற்பவர் மற்றவரின் வாடிக்கையாளரைத் தட்டிப் பறிப்பார், தெரிந்த தகவலை மறைப்பார். கீழே நிற்பவர் மாமியின் பெயரில் பிரிட்ஜ் போடுவார். எட்வர்ட் லாசியர், ஷெர்வின் ரோசன் என்ற பொருளியலாளர்கள் 1981 இல், முன்பின் வரிசைக்குப் பரிசு கொடுக்கும் முறை எப்படி உழைப்பைக் கூட்டும் என்று விளக்கினார்கள். அதே லாசியர் 1989 இல் அதன் மறுபக்கத்தையும் எழுதினார்: பரிசுகளுக்கு இடையிலான இடைவெளி பெருக்கப் பெருக்க, கூடவேலை செய்பவருக்கு உதவும் மனம் குறைந்து அவரை இழுத்து விழுத்தும் எண்ணம் வளரும்.

பெரிய நிறுவனங்களும் இதில் விழுந்திருக்கின்றன. 1992 இல் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனத்து வாகனத் திருத்தகங்களில், தேவையில்லாத திருத்த வேலைகளை வாடிக்கையாளர் தலையில் கட்டியதாகக் கலிபோர்னியா மாநிலம் குற்றம் சாட்டியது. ஊழியருக்கு வைத்த விற்பனை இலக்குகளும் கொமிஷனுமே காரணமாகப் பேசப்பட்டன. 2016 இல் வெல்ஸ் பார்கோ வங்கி, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் கணக்குகள் திறந்ததற்காக 18.5 கோடி டொலர் தண்டம் கட்டியது. சுமார் 5,300 ஊழியர் நீக்கப்பட்டிருந்தார்கள். அங்கேயும் கீழே நின்றவர்களின் தலைதான் முதலில் உருண்டது. உங்கள் மேற்பார்வையாளரின் "பிறகு பாப்பம்" எந்த மொழியில் சொன்னாலும் ஒன்றுதான்.

இந்தப் பரிசுக்கு இன்னொருவரும் பணம் கட்டுகிறார். வன்னியில் குடும்பத் தலைமை தாங்கும் பெண்கள் எத்தனை பேர் ஏற்கெனவே கிழமைக் கடனில் நிற்கிறார்கள் என்பதை வாசல் வாசலாகப் போகும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தபோது, வன்னி மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. மார்ச் 31 இற்குள் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பதைப்பில் விற்ற ஒரு வோஷிங் மெசின், நாட்கூலி வீட்டில் அடுத்த வருடம் முழுதும் தவணையாக நிற்கும். "கட்ட ஏலாத சனத்துக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் குறையாக எழுதியிருப்பதுதான் எனக்கு வருத்தம்.

யாரிடம், என்னென்ன கொண்டு போவது

நியமனக் கடிதம், கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகள், போட்டி விதிகள் அடங்கிய தாளின் படம், வட்ஸ்அப் குழுவில் வந்த சிவப்புக் கட்டப் படங்கள், குரல் பதிவு, அந்த விலகல் கடிதத்தின் படம் ஆகியவற்றை வீட்டாரின் தொலைபேசி ஒன்றிலும் பிரதி எடுத்து வையுங்கள். திகதியும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி படம் பிடியுங்கள். வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகளையோ கணக்குப் புத்தகங்களையோ வெளியே கொண்டு வராதீர்கள். அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். இரவு எட்டு மணி வரை நின்ற நாட்களையும் ஞாயிற்றுக்கிழமை 'விசேட பயணங்களையும்' நாட்குறிப்பாக எழுதுங்கள். கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தில் கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் வழமையான வேலை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு.

பிறகு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்துமூல முறைப்பாடு கொடுங்கள். வெட்டிய சம்பளம், விடுபட்ட சேமலாப நிதி, விலகச் சொல்லி வற்புறுத்துவது ஆகிய மூன்றையும் தனித்தனிப் பந்தியாக எழுதுங்கள்; ஒன்றோடொன்று கலந்தால் விசாரிக்கும் உத்தியோகத்தர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக்கூடும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முறைப்பாட்டால் ஆபத்தில்லையா? இருக்கிறது. முகம் கொடுக்காமல் விடுவார்கள், தூரக் கிளைக்கு மாற்றப் பார்ப்பார்கள், மாமியின் கோப்பைக் கிண்டுவார்கள். அதனால்தான் மாமியின் தவணையையும் தலைமை அலுவலகத்துக்கான கடிதத்தையும் முறைப்பாட்டுக்கு முன்னால் செய்யச் சொல்கிறேன். தனியே போகவும் வேண்டாம். பன்னிரண்டாவதாக வந்தவர் அடுத்த முறை பதின்மூன்றாவதாக வரக்கூடியவர். அவருக்கும் அது தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து, போட்டியின் அமைப்பை மாற்றும்படி தலைமை அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம். கேட்க வேண்டியதும் பெரிதில்லை: ஒவ்வொருவருக்கும் தன் பகுதியின் போன வருட அதே மூன்று மாத விற்பனையை வைத்து இலக்கு, தன் இலக்கை எட்டிய எல்லோருக்கும் பரிசு, முதல் மூன்று தவணையும் ஒழுங்காகக் கட்டிய விற்பனை மட்டும் கணக்கில் சேரும், பெயர் அவமானமும் சம்பள வெட்டும் இல்லை. செலவும் கூடாது. மோட்டார் சைக்கிளுக்கும் ரைஸ் குக்கருக்கும் போன 6,62,000 ரூபாவை 14 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 47,000 ரூபாவுக்கு மேல் வருகிறது. மூன்று தவணை நிபந்தனை ஒன்றே போதும், சொந்தக்காரரின் பெயரில் சாமான் போடுகிற வேலை நின்றுவிடும். நிறுவனத்தின் அறவீட்டுப் பிரிவே உங்கள் பக்கம் பேசும்.

காலையில் வேலைக்கு வெளிக்கிட நினைத்தாலே வயிற்றைப் பிரட்டுகிறது, இரவில் நித்திரை இல்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இதை ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். தேவைப்பட்டால் மருத்துவ விடுமுறை எடுங்கள், அந்தச் சான்றிதழின் பிரதியும் கோப்பில் இருக்கட்டும். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இற்கு அழைக்கலாம். மாமியிடமும் இன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்களை நம்பிக் கையெழுத்து வைத்தவர் அவர். தவணை அறவிட வருபவரின் வாயால் அவர் அதைக் கேட்கக்கூடாது.